இடது கண் தவணையில்

கேத்தியில் ராத்திரி கழுவி ஏற்றிய கேரட்
விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டியில் இறங்க வேண்டும்.
நடுவில் கொண்டை ஊசிகள்.
வளைவுக்கு ஒரு குவியாடி,
கம்பத்தின் உச்சியில்,
சரியாக என் இமை தொங்குகிற இடத்தில்.

எதிரே வரும் லாரியை ஊருக்கெல்லாம் காட்டும்.
எனக்கு, முகத்தைத் தூக்கினால் காட்டும்.
மூன்று வருஷமாய்
மோவாயால் வண்டி ஓட்டுகிறேன்.

ஹட்டியில் சொன்னார்கள், ஜோகிக்குத் தலைக்கனம்,
வண்டிக் கடன் முடிந்த திமிர் என்று.
பர்லியாரில் மறித்து ஊதச் சொன்னார்கள்.
ஊதினேன்.
ஒன்றுமில்லை என்று கருவி சொன்ன பிறகும்
"அப்ப ஏன்யா தூங்கி வழியிற?"

கோயம்புத்தூர் டாக்டரம்மா ஸ்கேல் வைத்து அளந்தார்.
கண்மணிக்கும் இமைக்கும் நடுவே
வலது ஒன்றரை மில்லிமீட்டர், இடது இரண்டரை.
வெள்ளைச் சட்டி மாதிரி ஒன்றுக்குள் முகத்தை வைத்து
புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்து என்றார்கள்.
ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை,
மிஷின் ரிப்பேர் என்று நினைத்தேன்.
பிறகு இமையை இழுத்து நெற்றியோடு பிளாஸ்டர் ஒட்டினார்கள்.
மேலே இவ்வளவு நடந்துகொண்டா இருந்தது!
தீபாவளிக்குத் துப்பாக்கி கிடைத்த பையனாய் அழுத்தினேன்.

பிளாஸ்டரைக் கழற்றாமலே பஸ் ஏறினேன்.
சில்வர் ஓக் மரங்களுக்கு
நுனி இருந்தது.

"அன்புள்ள திரு. ஜோகி,
அழகு சார்ந்த சிகிச்சைகளுக்கு எமது பாலிசியில்..."
ருக்கி இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னாள்.
அழகு என்ற இடத்தில் மறுபடி நிறுத்தச் சொன்னாள்.
காது மடலில் கேரட் மண்ணோடு
ஐம்பத்திரண்டு வயசில்
அழகுக்கு ஆசைப்பட்டவனாக
எங்கோ ஒரு கோப்பில் இருக்கிறேன்.

சென்னையிலிருந்து போனில் பேசிய பெண்
மேல்முறையீடு செய்யலாம் சார் என்றாள்.
டாக்டர் கடிதம், சட்டிச் சோதனையின் இரண்டு தாள்,
"அப்புறம் ஒரு போட்டோ. தலையைத் தூக்காம."
வீட்டில் அப்படி ஒன்று இல்லை.
லைசென்ஸில், மகள் கல்யாண ஆல்பத்தில்,
ஹெத்தை பண்டிகைக் கூட்டத்தில்,
எல்லாவற்றிலும் நான் யாருக்கோ
சவால் விட்டுக்கொண்டிருந்தேன்.
ஆல்பர்ட் ஸ்டுடியோவில் புதிதாய் எடுத்தோம்.
தலையை இறக்கு, இன்னும் இறக்கு என்றான்.
இறக்கினேன். ஆல்பர்ட்டின் தலை போய்விட்டது.

நாற்பத்தோரு நாள் கழித்துத் தீர்ப்பு.
இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் நோய்,
மேலே நின்றால் அழகு.
வலது கண் ஏற்கப்பட்டது.
இடது கண் ஏற்கப்படவில்லை.
அரை மில்லிமீட்டர்.
கேரட் தோலைச் சீவினால்கூட அதைவிடத் தடிமனாய் வரும்.

இடது கண்ணுக்கு முப்பத்தெட்டாயிரம்.
மண்டிக்காரர் தருவார், மூட்டைக்குப் பத்து ரூபாய் பிடித்துக்கொண்டு,
எத்தனை மூட்டை என்று மட்டும் சொல்லமாட்டார்.
சீட்டு தையில்தான்.
ருக்கி வளையலைக் கழற்றி உள்ளங்கையில் நிறுத்துப் பார்த்தாள்,
மறுபடி போட்டுக்கொண்டாள்.
அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.
ஆஸ்பத்திரிக் கவுண்டரில் ஆறு மாதம், வட்டியில்லாத் தவணை.
அடியில் எறும்பு எழுத்தில் செயலாக்கக் கட்டணம்,
ஜி.எஸ்.டி., தவறினால் அபராதம்.
இரண்டு விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துப் படித்துவிட்டு
அதே கையால் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது வலது கண் கம்பெனி உபயம்.
இடது கண்ணுக்கு
மூன்றாம் தவணை போன வாரம் பிடித்தார்கள்.

நேற்று எட்டாம் வளைவில்
முகத்தைத் தூக்காமலே குவியாடியில் லாரி தெரிந்தது.
ஒதுங்கி வழிவிட்டேன்.
உரசாமல் கடந்து போனவன்
மோவாயை ஆகாயத்துக்குத் தூக்கி வைத்திருந்தான்.
என்ன திமிர் என்று
வாய்வரைக்கும் வந்துவிட்டது எனக்கு.
ஹாரனை இரண்டு தட்டு தட்டினேன்.
அவன் என்னவென்று எடுத்துக்கொண்டானோ,
போய்விட்டான்.